கசந்த மனதோடு கீழ்ப்படியலாமா?

(லெந்து நாட்களில் ஓர் ஆலயத்தின் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



யூதாவை ஆண்ட ராஜாக்களில் அமத்சியாவைப் பற்றி நம் பிரசங்க மேடைகளில் அதிகம் பேசுவதில்லை. தாவீது, சாலொமோன், எசேக்கியா, யோசியா என்று சொல்லிக்கொண்டு போவோம்; நடுவில் இவனைத் தாண்டிவிடுவோம். 25 வயதில் பட்டத்துக்கு வந்தவன்; 29 வருஷம் எருசலேமில் அரசாண்டவன். இரண்டாம் நாளாகமம் 25-ஆம் அதிகாரம் முழுவதும் இவன் கதைதான். தொடக்கத்திலேயே வேதம் இவனைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. அவன் நடந்துகொண்ட விதம் ஆண்டவருக்கு ஏற்றதாகத்தான் இருந்ததாம். ஆனால் அவன் இருதயம் முழுவதும் அதில் இல்லையாம்.

இன்று மாலை நான் பேச வந்தது இந்த மாதிரிக் கீழ்ப்படிதலைப் பற்றித்தான். கீழ்ப்படியாதவர்களைப் பற்றிப் பேச எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இங்கே உட்கார்ந்திருக்கிற நம்மில் பெரும்பாலோர் கீழ்ப்படிகிறவர்கள். ஞாயிறு தவறுவதில்லை. தசமபாகம் பிந்துவதில்லை. ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறோம், பாடகர் குழுவில் நிற்கிறோம், அசனத்துக்குக் காய்கறி நறுக்குகிறோம், வியாதியஸ்தரைப் போய்ப் பார்க்கிறோம். இப்படிப்பட்டவர்களுக்கென்றே ஒரு தனி ஆபத்து இருக்கிறது. அதை அமத்சியாவிடம் பார்க்கலாம்.

அவனுடைய தகப்பனைச் சொந்த ஊழியக்காரரே படுக்கையில் வைத்துக் கொன்றுபோட்டார்கள். ராஜ்யம் கையில் உறுதிப்பட்டதும் அமத்சியா அந்தக் கொலைகாரர்களைக் கொல்வித்தான். அந்தக் காலத்து ராஜாக்கள் அதோடு நிறுத்தமாட்டார்கள். பிள்ளைகள் வளர்ந்து பழிவாங்க வருவார்களே என்று அவர்களையும் சேர்த்து அழித்துவிடுவார்கள். அமத்சியா அந்தப் பிள்ளைகளைத் தொடவில்லை. தகப்பன் செய்த குற்றத்துக்குப் பிள்ளை சாகக்கூடாது என்று மோசேயின் நியாயப்பிரமாணத்தில் இருக்கிறதே, அதற்காக விட்டுவிட்டான். தகப்பனைப் பறிகொடுத்த மகனுக்கு இது லேசான காரியமல்ல. இதை அவன் கணக்கில் நாம் எழுதத்தான் வேண்டும்.

பிறகு ஏதோமோடு யுத்தம் வருகிறது. சொந்த ஜனத்தில் 3,00,000 பேரைத் திரட்டினான். அது போதாது என்று வடக்கே இஸ்ரவேலிலிருந்து 1,00,000 பேரைக் கூலிக்கு அமர்த்தினான். கூலி 100 தாலந்து வெள்ளி. இன்றைய நிறைக்கு மூவாயிரம் கிலோவுக்கு மேல் வரும். பணத்தைக் கொடுத்தாயிற்று. அப்போதுதான் ஒரு தேவமனிதன் வந்து, இந்தப் படையைக் கூட்டிக்கொண்டு போகாதே, ஆண்டவர் இவர்களோடு இல்லை என்கிறான். அமத்சியா உடனே என்ன கேட்டான் தெரியுமா? நான் கொடுத்துவிட்ட வெள்ளி என்ன ஆவது என்றுதான் கேட்டான்.

அந்தக் கேள்வியை நான் குறை சொல்லமாட்டேன். நம் வீட்டிலும் அதே கேள்விதான் எழும். லஞ்சம் கொடுக்கமாட்டேன் என்று முடிவெடுத்தவர், அதுவரை அந்த வேலைக்குச் செலவழித்ததை நினைக்கமாட்டாரா? தேவமனிதனும் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அதைவிட அதிகமாகவே தர ஆண்டவரால் முடியும் என்று ஆறுதலாகத்தான் சொன்னான். அமத்சியாவும் கீழ்ப்படிந்தான். மூவாயிரம் கிலோ வெள்ளியை விட்டுக்கொடுத்து, அத்தனை பேரையும் திருப்பி அனுப்பினான்.

திருப்பி அனுப்பப்பட்டவர்கள் சும்மா போகவில்லை. ஆத்திரத்தோடு போனார்கள். அமத்சியா போர்க்களத்தில் இருந்தபோது யூதாவின் பட்டணங்களுக்குள் புகுந்து 3,000 பேரை வெட்டிப்போட்டு, கொள்ளையும் அடித்துக்கொண்டு போனார்கள். உப்புப் பள்ளத்தாக்கில் ஆண்டவர் அவனுக்கு வெற்றி கொடுத்தது உண்மை. ஆனால் வீட்டுக்குத் திரும்பியபோது வெள்ளியும் இல்லை, ஊர்களும் பாழ். ஆண்டவர் சொன்னதைக் கேட்டதற்கு இதுதானா பலன் என்று அவன் மனம் கசந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். வேதம் அதைச் சொல்லவில்லை. அடுத்து அவன் செய்ததைத்தான் சொல்கிறது. தோற்றுப்போன ஏதோமியரின் தெய்வங்களைத் தூக்கிக்கொண்டு வந்து, அவற்றின் முன்னால் பணிந்தான், தூபம் காட்டினான்.

ஒரு தீர்க்கதரிசி வந்து, தங்கள் ஜனத்தையே உன் கையிலிருந்து காப்பாற்ற முடியாத தெய்வங்களிடம் உனக்கு என்ன வேலை என்று கேட்கிறான். இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகக் கவனியுங்கள். வெள்ளியைப் பற்றிப் பேசியபோது அமத்சியா கேள்வி கேட்டான், பதிலுக்குக் காத்திருந்தான். இப்போது தீர்க்கதரிசி பேசி முடிப்பதற்குள்ளேயே குறுக்கிடுகிறான். உன்னை யார் ராஜாவுக்கு ஆலோசனை சொல்ல வைத்தது, நிறுத்து, இல்லாவிட்டால் அடிபடுவாய் என்கிறான். தீர்க்கதரிசியும் ஒரே ஒரு எச்சரிப்பைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். அதற்குப் பிறகு அந்த அதிகாரத்தில் வேறு எந்தத் தீர்க்கதரிசியும் அமத்சியாவிடம் வருவதில்லை. அவன் இஸ்ரவேலை யுத்தத்துக்கு அழைத்தபோது, புத்தி சொல்லி அவனுக்கு ஆள் அனுப்பியது இஸ்ரவேலின் ராஜா யோவாஸ். எதிரிதான் சொன்னான். அதையும் இவன் கேட்கவில்லை. பெத்ஷிமேசில் படுதோல்வி. எருசலேமின் மதிலில் 400 முழம், ஏறக்குறைய அறுநூறு அடி, இடித்துத் தள்ளப்பட்டது. ஆலயத்துப் பொன்னும் வெள்ளியும் சமாரியாவுக்குப் போயிற்று. கடைசியில் சொந்த ஜனத்துக்குப் பயந்து லாகீசுக்கு ஓடியும் தப்பவில்லை, அங்கேயே கொன்றுபோட்டார்கள்.

இதே காலத்தில் வாழ்ந்த இன்னொரு மனிதனைப் பார்ப்போம். இரண்டாம் ராஜாக்கள் 14-ஆம் அதிகாரத்தை எடுத்தால், முதல் பாதியில் அமத்சியா இருக்கிறான். அதே அதிகாரத்தின் கடைசிப் பகுதியில், அவனைத் தோற்கடித்த யோவாசின் மகன் யெரொபெயாம் ராஜாவாகிறபோது, காத்தேப்பேர் ஊரானாகிய அமித்தாயின் குமாரன் யோனா என்று ஒரு பெயர் வருகிறது. ஆமாம், மீன் விழுங்கிய யோனாதான். இஸ்ரவேலின் பழைய எல்லைகள் திரும்பக் கிடைக்கும் என்று அவன் சொன்னான், அப்படியே நடந்தது. அந்தச் செய்தியைச் சொல்ல அவனுக்கு எந்தத் தடையும் இருந்ததாக வேதம் காட்டவில்லை. சொந்த ஜனத்துக்கு நல்ல செய்தி சொல்ல யாருக்குத்தான் கசக்கும்?

நினிவேக்குப் போய்ப் பிரசங்கி என்றதும்தான் கசந்தது. அசீரியருடைய பட்டணம் அது. இன்றைக்கு ஈராக்கில் மோசூலின் பழைய நகரப் பகுதிக்கு எதிர்ப்புறம், டைகிரிஸ் ஆற்றங்கரையில் அதன் இடிபாடுகள் கிடக்கின்றன. பிடிபட்டவர்களை எப்படிச் சித்திரவதை செய்தோம் என்பதைக் கல்லில் வெட்டிவைத்துப் பெருமைப்பட்ட ராஜாக்கள் அசீரிய ராஜாக்கள். அந்த அசீரியர்தான் பிற்பாடு கி.மு. 722-இல் சமாரியாவை விழுங்கினார்கள். காத்தேப்பேர் கலிலேயாவில் இருக்கிற ஊர். வடக்கிலிருந்து படை வந்தால் முதலில் மிதிபடுகிற பகுதி. யோனா யோப்பாவுக்குப் போய்க் கப்பல் ஏறியதைப் பயந்து ஓடியதாக நாம் ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறோம். நாலாம் அதிகாரத்தில் அவனே வேறு காரணம் சொல்கிறான். ஆண்டவர் இரக்கமுள்ளவர், எப்படியும் மன்னித்துவிடுவார் என்று தெரியும். அதனால்தான் ஓடினேன் என்கிறான்.

இரண்டாம் தரம் கட்டளை வந்தது. போனான். மூன்று நாள் நடக்க வேண்டிய பட்டணத்தில் முதல் நாள் நடையிலேயே சொல்லத் தொடங்கினான். இன்னும் 40 நாளில் நகரம் கவிழும் என்கிற அந்தப் பிரசங்கம் எபிரெய மொழியில் ஐந்தே வார்த்தை. மனந்திரும்புங்கள் என்று சொன்னதாக அதில் இல்லை. மன்னிப்புக் கிடைக்கும் என்ற பேச்சே இல்லை. கடனே என்று செய்த ஊழியம் என்றால் இதுதான். ஆனாலும் ராஜா முதல் சாமானியன் வரை இரட்டு உடுத்திக்கொண்டார்கள். நகரம் பிழைத்தது.

மனசில்லாமல் செய்வதைவிடச் செய்யாமல் இருப்பதே மேல் என்று சிலர் ஆலோசனை சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, உண்மையானவர்கள் பேசுவதுபோல இருக்கிறது. நான் அதை ஏற்கவில்லை. மனது சரியாகட்டும் என்று யோனா காத்திருந்தால் நினிவேயின் கதி என்ன? வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் தெரியாத 1,20,000 பேர் அந்தப் பட்டணத்தில் இருந்ததாக ஆண்டவரே கணக்குச் சொல்கிறார். அவர்கள் உயிர், கசந்த மனதோடு ஒருவன் நடந்துபோனதால் தப்பியது. ஆகவே, மனது ஒத்துழைக்கவில்லை என்பது கீழ்ப்படியாமல் இருப்பதற்குக் காரணமாகாது. செய்ய வேண்டியதைச் செய்யுங்கள்.

அப்படியானால் மனது எப்படி இருந்தாலும் பரவாயில்லையா? நினிவே பிழைத்ததோடு மூன்றாம் அதிகாரம் முடிகிறது. ஆண்டவருக்கு நினிவே மட்டும் போதும் என்றால் யோனாவின் புத்தகம் அங்கேயே முடிந்திருக்கும். நாலாம் அதிகாரம் ஏன் இருக்கிறது? ஒரு பட்டணத்தையே மீட்ட ஆண்டவர், அந்தப் பட்டணத்துக்கு வெளியே கிழக்குப் பக்கம் குடிசை போட்டுக்கொண்டு கோபத்தோடு உட்கார்ந்திருந்த ஒரே ஒரு மனிதனுக்காக ஒரு செடியையும், ஒரு புழுவையும், ஒரு காற்றையும் அனுப்புகிறார். வேலை முடிந்துவிட்டது, இனி இவன் எக்கேடு கெட்டால் என்ன என்று அவர் விடவில்லை.

அமத்சியாவுக்கும் கசப்பு, யோனாவுக்கும் கசப்பு. வித்தியாசம் என்ன? யோனா தன் கசப்பை ஆண்டவரிடமே போய்க் கொட்டினான். வேதம் அதை ஜெபம் என்றே சொல்கிறது. என்ன ஜெபம் அது! நீர் இப்படிச் செய்வீர் என்று எனக்கு அப்போதே தெரியும், என் உயிரை எடுத்துவிடும் என்று கோபத்தில் கத்துகிற ஜெபம். ஆண்டவர் அந்த ஜெபத்துக்கு இடி அனுப்பவில்லை. நீ எரிச்சல்படுவது நியாயமா என்று கேட்டார். பிறகும் கேட்டார். யோனா முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் பேச்சை முறிக்கவில்லை. அமத்சியாவோ தன் கசப்பைப் பற்றி ஆண்டவர் பேச வந்தபோது அவருடைய ஆளின் வாயை அடைத்துவிட்டான். ஒருவன் சண்டை போட்டுக்கொண்டாவது உறவுக்குள் இருந்தான்; மற்றவன் சத்தமில்லாமல் வேறு தெய்வத்திடம் போய்விட்டான். சகோதரரே, ஆண்டவர் முன்னால் நம் மனநிலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சோதனை இதுதான். கசப்பே வராத மனது வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வந்த கசப்பைப் பற்றி அவர் நம்மிடம் பேச விடுகிறோமா?

இதை நம் வீட்டுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். படுத்த படுக்கையாகக் கிடக்கிற தகப்பனாரை ஒரு மகள் பார்த்துக்கொள்கிறாள். காலையில் உடம்பு துடைத்து, துணி மாற்றி, மாத்திரை கொடுத்து, கஞ்சி ஊட்டி, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்து, எல்லாவற்றையும் நேரத்துக்குச் செய்கிறாள். பார்க்க வருகிறவர்கள் பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். தகப்பனாருக்குத்தான் தெரியும், அவள் கிண்ணத்தை ஸ்டூலில் வைக்கிற சத்தம் எப்படி இருக்கிறது என்று. அவளுடைய தம்பி வீடு கட்டிக்கொண்டு வெளியூரில் இருக்கிறான், அண்ணன் போனோடு சரி. அத்தனைக்கும் சேர்த்து அந்தக் கிண்ணம் டக்கென்று உட்காருகிறது. அவர் ஒன்றும் சொல்லமாட்டார். கஞ்சியைக் குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

அந்த மகளைக் குற்றம் சாட்ட எனக்கு வாய் வராது. அவள் செய்வதை நிறுத்தவும் சொல்லமாட்டேன். கிழவருக்குக் கஞ்சி வேண்டும். ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்ல விரும்புகிறேன். அலுப்பு வேறு, கசப்பு வேறு. இராத்திரி மூன்று முறை எழுந்தவளுக்குக் காலையில் சிரிப்பு வராது. அது பாவமல்ல. எலியா சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று படுத்தபோது, ஆண்டவர் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டார். ஆகவே சபையாரே, அந்த மகளைப் பாராட்டிவிட்டுப் போவதற்குப் பதிலாக, ஒரு சனிக்கிழமை நீங்கள் போய் உட்கார்ந்து அவளைத் தூங்கவிடுங்கள். அவளுடைய மனப்பான்மையைப் பற்றிப் பேச உங்களுக்கு அதற்குப் பிறகுதான் உரிமை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது ஆண்டவருக்குக் கீழ்ப்படிவதைப் பற்றி. அடிக்கிற கணவனுக்கும், கணக்குக் காட்டாத தலைவருக்கும், கேள்வி கேட்டால் சபையைவிட்டு விலக்கிவிடுவேன் என்று மிரட்டுகிறவருக்கும் முகம் கோணாமல் கீழ்ப்படி என்று சொல்ல இந்தப் பிரசங்கத்தை யாரும் எடுத்துக்கொண்டு போகக்கூடாது. சரியான மனப்பான்மை என்ற வார்த்தையை வைத்து எளியவர்களின் வாயை அடைக்கிற வழக்கம் நம் நடுவில் இருக்கிறது. அது அமத்சியா செய்த வேலை. தீர்க்கதரிசியின் வாயை அடைத்தவன் அவன்தான்.

லூக்கா 15-இல் வருகிற மூத்த மகனையும் எண்ணிப்பாருங்கள். வயலில் வேலை செய்துவிட்டு வருகிறான். ஓடிப்போன தம்பி திரும்பி வந்ததற்காக வீட்டில் கீதவாத்தியம் கேட்கிறது. உள்ளே போகமாட்டேன் என்று நிற்கிறான். இத்தனை வருஷம் அடிமை மாதிரி உழைத்தேன், சிநேகிதரோடு சாப்பிட ஒரு ஆட்டுக்குட்டிகூட நீர் தரவில்லை என்கிறான். அமத்சியாவின் நூறு தாலந்து மாதிரியே இவனும் ஒரு கணக்கை மனதில் வைத்திருந்திருக்கிறான். ஆனால் தகப்பன் வெளியே வந்தபோது அந்தக் கணக்கை அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். தகப்பனும் அவனை வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானா? இயேசு சொல்லவில்லை. யோனா கடைசிக் கேள்விக்கு என்ன பதில் சொன்னான்? அதுவும் எழுதப்படவில்லை. யோனாவைப் பொறுத்தமட்டில் எனக்கு ஒரு நம்பிக்கை உண்டு. குடிசையில் தனியாக உட்கார்ந்து ஆண்டவரோடு அவன் போட்ட சண்டை நமக்கு எப்படித் தெரிந்தது? தன் மானம் போனாலும் பரவாயில்லை என்று அவனே சொல்லியிருக்க வேண்டும். யூதர்கள் இன்றைக்கும் தங்கள் பாவநிவாரண நாளின் பிற்பகலில் இந்தப் புத்தகத்தைத்தான் ஜெப ஆலயத்தில் வாசிக்கிறார்கள்.

நம் மண்ணிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஐடா ஸ்கடர் 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா ஜான் ஸ்கடர் 1819-இலேயே மருத்துவ மிஷனரியாக இலங்கைக்குப் புறப்பட்டு வந்தவர். தகப்பனாரும் மிஷனரி மருத்துவர். ஐடாவுக்கு மட்டும் அந்த வாழ்க்கை வேண்டாம். பஞ்சத்தையும் வறுமையையும் சிறுவயதிலேயே பார்த்துவிட்டவர், அமெரிக்காவிலேயே இருந்துவிட வேண்டும் என்று நினைத்தவர். தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தார், கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்று. ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, பிரசவ வேதனையிலிருந்த மனைவிக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஐடாவின் தகப்பனார் வருவார் என்றால் மூவரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆண் மருத்துவர் கூடாது. காலையில் விசாரித்தால் மூன்று பெண்களும் இறந்துவிட்டிருந்தார்கள். அந்த இராத்திரி அவர் தூங்கவில்லை, ஜெபத்தில் போராடினார். வேண்டாம் என்ற மனதை மறைத்துவைத்துக்கொண்டு கடமைக்குத் தலையாட்டவில்லை. போராடி முடித்துவிட்டு, மருத்துவம் படிக்கப் போகிறேன் என்று பெற்றோரிடம் சொன்னார். 1899-இல் பட்டம் பெற்று, 1900-இல் வேலூருக்கு வந்து, ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கினார். அந்த ஒரு கட்டில்தான் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

இந்த லெந்து நாட்களில் நாம் கெத்செமனே பகுதியை வாசிக்கிறோம். நம் ஆண்டவர் அங்கே சிரித்த முகத்தோடு இருக்கவில்லை. துக்கப்பட்டார், வியாகுலப்பட்டார், இந்தப் பாத்திரம் நீங்கக்கூடுமானால் நீங்கட்டும் என்று பிதாவிடம் கேட்டார். மூன்று முறை கேட்டார். மாமிசத்தில் இருந்த நாட்களில் அவர் பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் ஜெபித்தார் என்று எபிரெயர் நிருபம் சொல்கிறது. உள்ளத்தில் இருந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னார், பிதாவின் சித்தமே ஆகட்டும் என்று முடித்தார், எழுந்தார், தம்மைப் பிடிக்க வந்தவர்களுக்கு எதிரே போனார். சிலுவை மட்டும் நடந்த பாடுகளில் அவர் வாயிலிருந்து கசப்பு வரவில்லை. ஆணி அடித்தவர்களுக்காகவும் மன்னிப்புக் கேட்டார். தோட்டத்தில் பிதாவின் முன்னால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டவருக்கு, கொல்கொதாவில் மனிதர்மேல் கொட்ட எதுவும் மிச்சமில்லை.

அன்பானவர்களே, நாளைக் காலையில் உங்களில் ஒவ்வொருவருக்கும் வேண்டாவெறுப்பாகச் செய்யப்போகிற ஒரு கடமை காத்திருக்கிறது. அது என்ன என்று உங்களுக்கே தெரியும். சிலருக்கு அது மாமியாரின் அறை. சிலருக்கு மன்னிக்கச் சொல்லி ஆண்டவர் விடாமல் உணர்த்துகிற ஒரு தம்பி. சிலருக்கு, வருஷக்கணக்கில் செய்தும் யாரும் நன்றி சொல்லாத ஒரு சபைப் பொறுப்பு. இன்று இரவு வீட்டுக்குப் போய் யோனாவின் நாலாம் அதிகாரத்தை ஒரு தரம் வாசியுங்கள், பதினொரு வசனம்தான். பிறகு விளக்கை அணைப்பதற்கு முன், அந்தக் கடமை உங்களுக்கு ஏன் கசக்கிறது என்பதை, அலங்கார வார்த்தை இல்லாமல், பக்கத்து வீட்டாரிடம் சொல்வதைப் போலவே ஆண்டவரிடம் சொல்லுங்கள். அவர் திருப்பிக் கேள்வி கேட்டால் பேச விடுங்கள். காலையில் எழுந்து, போய் அதைச் செய்யுங்கள்.